பெரியப்பா எமன் வேடம் கட்டிய வருடம்

போன மாதம் இறந்துபோன பெரியப்பா எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. அப்பாவும் அவரும் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அவர் அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியப்பா ஆனார், அவர் மனைவி பெரியம்மை ஆனாள். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

ஷிப்டு முடிந்தால் இரண்டு சைக்கிள்களும் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். பெரியப்பாவின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அதைப் பொறுக்குவேன். "ஏட்டி, பஞ்ச மட்டும் எடு. நரச்ச முடியையும் சேத்துப் பிடுங்கிட்டேன்னா பெரியம்மைக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்" என்பார். அம்மா காப்பி கொண்டுவந்து வைப்பாள். அவர் குடித்து முடிக்கும்வரை பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அவர் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் குலசேகரன்பட்டினத்துப் பக்கம். அதனால் எங்கே வேலை பார்த்தாலும் தசராவுக்கு வேடம் கட்டாமல் இருக்க முடியாது என்பார். மாலை போட்டு விரதம் இருப்பார். காப்புக் கட்டிய நாளிலிருந்து வேடத்தோடு மேளக்காரர்கள் பின்னால் வர, வீடு வீடாகப் போய் அம்மனுக்குக் காணிக்கை வாங்குவார். கடைசி நாள் கடற்கரைக் கோயிலில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒரு வருடம் குரங்கு. ஒரு வருடம் குறத்தி. போலீஸ்காரர் வேடம் போட்ட வருடம் பாபநாசம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி லைசென்ஸ் கேட்டிருக்கிறார். டிரைவரும் பயந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். வேடம் கட்டியவரை யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அந்த நாட்களில் அவர் அம்மனின் ஆள். அவரைத் திருப்பி அனுப்பினால் அம்மனையே திருப்பி அனுப்பியதாக அர்த்தம்.

எனக்கு எட்டு வயதான வருடம் அப்பா படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் குணமாகிவிட்டது என்றுதான் பொருள் என நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொன்னேன். முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அப்பாவின் கைகள் மட்டும் முன்பு போலவே பெரிதாக இருந்தன; மற்றதெல்லாம் போர்வைக்குள் சுருங்கிக்கொண்டே போயிற்று. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அடுப்படியில் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். குணமாகி வந்தவரைப் பார்த்து ஏன் அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் பெரியப்பா மாலை போட்டார். ஒருநாள் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த என்னிடம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏட்டி, யாருட்டயும் சொல்லிராத. இந்த வருசம் நான் எமன் வேசம் கெட்டப் போறேன்."

"எமனா?"

"ஆமா. நானே எமனா வந்து நின்னுட்டேன்னா, நெசமான எமன் வந்து என்ன செய்வான்? ஏற்கெனவே ஆள் இருக்கேன்னு திரும்பிப் போயிருவான்லா."

பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல என்று எனக்குப் புரிந்தது.

"ஆனா ஒண்ணு. மொதக் காணிக்கை உங்க அப்பன் கையாலதான் எனக்கு விழணும். விழுந்துட்டுன்னு வையி, அவன் எந்திச்சு ஷிப்டுக்கு வந்துருவான்."

அவர் சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர் அன்று சிரிக்காததால்தான் நான் அதை முழுதாக நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காப்புக் கட்டும் நாளுக்காகக் காத்திருந்தேன். அப்பாவின் முனகல் கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த நாள் காலையில் பெரியம்மை பின்வாசல் வழியாக வந்தாள். இடுப்பில் சின்னவன் இருந்தான். மூத்தவன் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இருவரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். அவர்களை என்னிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பையன்களுக்கு வேப்பங்கொட்டை பொறுக்கிக் கொடுத்து விளையாட்டுக் காட்டினேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. வருகிற எல்லோரும் அழுதுகொண்டுதானே இருந்தார்கள்? கதவு திறந்தபோது பெரியம்மையின் முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பையன்களைத் தூக்கிக்கொண்டு பெரியம்மை வந்த வழியே போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் தெருமுனையில் மேளம் கேட்டது. நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையணையைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சன்னல் வழியாக இருவரும் பார்த்தோம்.

முகமெல்லாம் கறுப்பு மை. அதன்மேல் கன்னம்வரை ஏறிய மீசை. அட்டையில் செய்து பளபளப்புத் தாள் ஒட்டிய கிரீடம். ஒரு கையில் கதாயுதம். தோளில் பாசக்கயிறு சுருட்டிக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வீடுகளுக்குள் ஓடினார்கள். எனக்குப் பயமே இல்லை. நடையைப் பார்த்தே எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது.

எந்த வீட்டிலும் நிற்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா அதற்குள் முன்கதவை வெளியே இழுத்துச் சாத்தி, நாதாங்கியைப் போட்டுவிட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். நானும் அப்பாவும் உள்ளே.

"போங்க அண்ணாச்சி" என்றாள். "இந்த வீட்டுல காணிக்கை கெடையாது."

பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். அல்லது நம்பவில்லை. "தாயி, காப்புக் கெட்டி மொத வீடா இங்கதான் வந்திருக்கேன். ஒத்த ரூவா. அவன் கையால வாங்கிட்டுப் பைய போயிருதேன்."

அப்பாவுக்கு இது எதுவும் சண்டையாகத் தெரியவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, எருமைய எங்க விட்டுட்டு வாரிய?"

"ஏலே, பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான்லே! அதுக்கும் டிக்கெட்டு எடுக்கணுமாம்!"

மேளக்காரர்கள் சிரித்தார்கள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கப் போய் இருமத் தொடங்கினார். அந்த இருமலுக்கு நடுவே அம்மாவின் குரல் ஓங்கிற்று.

"சீக்காளி கெடக்க வீட்டு வாசல்ல கயித்தத் தூக்கிட்டு வந்து நிக்கேரே, உமக்கு வெக்கமா இல்லையா வே? அவிய எப்பப் போவாவன்னு பாக்க வந்தீரா? போம்! இந்தப் படி ஏறிராதேயும்!"

அண்ணாச்சி என்பதைத் தவிர வேறு சொல்லால் அம்மா அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்து, அதுவும் வேடம் கட்டி நிற்கிறவரைப் பார்த்து, நடுத்தெருவில் மரியாதை இல்லாமல் 'வே' போட்டாள். மேளம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "எக்கா, அம்மன் வேசம்க்கா, அப்படிப் பேசாதிய, வாயக் கழுவுங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா உதறிவிட்டாள்.

கறுப்பு மைக்குள்ளே பெரியப்பாவின் கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் போகவில்லை. கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார்.

அப்பா என்னைக் கிட்டே வரச் சொல்லித் தலையணைக்கு அடியில் இருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். "உங்கம்மைக்கு என்னமோ ஆயிட்டு. நீ பின்னால போயி பெரியப்பாட்ட குடுத்துட்டு வா" என்றார். அவர் கையால் விழ வேண்டுமே என்று எனக்கு ஒரு கணம் குழப்பம். அப்பா கையிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து பெரியப்பா கைக்கு. அதுவும் அப்பா கொடுத்ததுதானே என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பின்வாசல் வழியாக ஓடிச் சந்து சுற்றி முன்னால் வந்தேன்.

பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டார். கைகளை என் பக்கமாகத் தாழ்த்தினார். அவர் உள்ளங்கையில் மை பூசவில்லை; அந்த வெளுத்த உள்ளங்கை இப்போதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கையை நீட்டினேன். அதற்குள் அம்மா படியிலிருந்து பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். வலியில் கத்தினேன். நாணயத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள்.

பெரியப்பாதான் பேசினார்.

"பிள்ளைய அடிக்காத தாயி. நான் போறேன்."

கதாயுதத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். மேளக்காரர்கள் அடிக்காமலே பின்னால் போனார்கள். சன்னலுக்குள்ளிருந்து அப்பா, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவோடு பேசவில்லை. அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசவில்லை. பிழைக்கப் போகிறவரைப் பிழைக்க விடாமல் செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தசரா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு பெரியப்பா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. சன்னலுக்கு வெளியே நின்று கம்பி வழியாக அப்பாவோடு பேசிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. அவர் வருகிற நேரத்தில் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். உள்ளே வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. தீபாவளி கழிந்து சில நாட்களில் அப்பா இறந்துபோனார்.

அப்பாவின் தங்கை மாரில் அடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "வாசல் தேடி வந்த அம்மனையே வெரட்டுனியே, பாவி! பிள்ளை கையில இருந்து பிடுங்கி எறிஞ்சியே!" சொல்லாதவர்களும் மனதுக்குள் அதையே நினைத்தார்கள். அம்மா மறுக்கவில்லை. நான் அத்தையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் பக்கத்தில் அன்று நான் போகவில்லை.

பெரியப்பா அதற்குப் பிறகு வேடமே கட்டவில்லை. எங்கள் வீட்டுப் படியையும் ஏறவில்லை. ஆனால் தெரு வாசலுக்கு வராத நாளும் இல்லை. சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மழைக்காலத்தில் ஓடு மாற்ற ஆள் பிடித்து வந்து, தெருவில் நின்றபடியே அந்த ஆளை வேலை வாங்கினார். தை மாதம் பனங்கிழங்கு வந்துவிடும். நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்வந்த வருடங்களில் சாயங்காலம் பஸ் தாமதமானால், இறங்குகிற இடத்தில் அவர் நிற்பார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார். அம்மா என் கையில் காப்பி கொடுத்து வெளியே அனுப்புவாள். அவர் சைக்கிளைப் பிடித்தபடி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் தருவார். என் கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு வரவேற்றார். புகைப்படத்துக்குக் கூப்பிட்டபோது கூட்டத்தில் எங்கேயோ மறைந்துவிட்டார்.

நான் உயிரியல் படித்தேன். கட்டி என்றால் என்ன, அது எப்படிப் பரவும் என்பதெல்லாம் தேர்வில் எழுதினேன். ஒரு ரூபாயால் அப்பா பிழைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அம்மாவிடம் ஏதாவது கோபம் வந்தால் முதலில் என் மணிக்கட்டுதான் வலிக்கும்.

பெரியப்பா போய்விட்டார் என்று அம்மா போனில் சொன்ன அன்று என் மகளுக்கு லேசாகச் சளி இருந்தது. துட்டி வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா, விட்டுவிட்டுப் போனால் காய்ச்சல் ஏறிவிடுமோ, போகாமல் இருந்தால் என்னால் தாங்க முடியுமா என்று பலமுறை மனதை மாற்றினேன். கடைசியில் கணவரிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் போன் செய்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் போனபோது அம்மா அங்கே தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவருடைய முடி முழுக்க வெளுத்திருந்தது; பஞ்சு ஒட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெரியம்மை சுவரோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். நான் எதையாவது பேச வேண்டுமே என்று, குழாயடியில் பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். அப்பாவைக் காப்பாற்றத்தான் அவர் எமன் வேடம் கட்டினார், அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவிய உன்ட்ட பாதிதான் சொல்லிருக்காவ மக்கா" என்றாள். "அவன் எடத்துக்கு நான் வாரேன், அவன விட்டுருன்னு அம்மன்ட்ட நேந்துருந்தாவ. உங்கப்பா கையால காணிக்கை விழுந்துட்டா அம்மன் சரின்னுட்டான்னு அர்த்தமாம். காப்புக் கெட்டுன அன்னைக்குக் காலையிலதான் எங்கிட்டச் சொன்னாவ. எனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைய. நான் என்னத்தச் செய்வேன்? உங்கம்மை கால்ல போயி விழுந்தேன். குடுக்க விட்டுராத, என் தாலிய அறுத்துராதன்னு கெஞ்சுனேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல. எந்திரிங்கக்கா, அடுப்புல பால் பொங்குதுன்னா. அவ்வளவுதான்."

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவளும் சொல்லல. சீக்காளி வாசல்ல எமனா போயி நின்னது தப்பாப் போச்சேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிட்டுக் கெடந்தாவ. அந்தப் படி ஏற எனக்கு யோக்கியதை இல்லன்னு சொல்லுவாவ. எத்தனையோ நாள் சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். சொன்னா, உங்கப்பா செத்தது தன்னாலதான்னு நெனப்பாவல்லா. அதோட எப்படி இருப்பாவ?"

நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்து வந்தோம். போன மழைக்காலத்தில் என் கணவர் டெங்கு வந்து படுத்திருந்தபோது நான் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் என் வாசலில் வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று கையேந்தி நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வந்தவருக்கு மனைவி இருக்கிறாளா, பிள்ளைகள் சின்னவர்களா என்று கேட்டிருப்பேனா? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று படியில் நின்றவளுக்கு இப்போதைய என் வயதுகூட இருந்திருக்காது. பின்னால் சன்னலில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் அவருக்காகச் சாக வந்தவர் நின்றுகொண்டிருந்தார். நடுவில் நான் என் மூடிய கையோடு ஓடி வந்தேன். அவளை ஊரே பாவி என்றது; நான் எட்டு வயதில் அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டேன். அவள் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினாள், அதற்கு என்ன கொடுத்தாள் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அம்மா குளித்துவிட்டு வந்து புழக்கடைக் கொடியில் ஈரச்சேலையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

"பெரியம்மை சொன்னா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சேலையின் சுருக்கங்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"நீ அத நம்புனியாம்மா? பெரியப்பா காணிக்கை வாங்கியிருந்தா அப்பா பொழச்சிருப்பாவன்னு?"

சேலையின் மறுமுனையை இழுத்து நேராக்கிவிட்டுச் சொன்னாள்.

"நம்பலேன்னா கதவத் தொறந்து விட்டுருப்பேம்லா."